தாயின் உடல் சிசுவை நிராகரிக்காதது ஏன்?

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினால், அது உடன்பிறந்தவர் மனமுவந்து அளித்த தானமாகவே இருந்தாலும், பெற்றுக்கொண்டவரின் வெள்ளையணுக்கள் அதனை அன்னியப் பொருளென்று கண்டு அழிக்கப் புறப்படுகின்றன. அவற்றை அடக்கிவைப்பதற்காக, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் நீங்கலாக, ஏனையோர் பெரும்பாலும் ஆயுள் பரியந்தம் மருந்து உண்ண வேண்டியிருக்கிறது. அவ்வாறிருக்க, மரபணுக்களில் பாதியைத் தந்தையிடமிருந்து பெற்ற சிசு, தாயின் சரீரத்துக்குள்ளேயே ஏறத்தாழ நாற்பது வாரங்கள் யாதொரு மருந்தின் துணையுமின்றி வளர்வது எங்ஙனம்?

இந்தக் கேள்வியை 1953-ஆம் ஆண்டில் தெளிவுபட எழுப்பியவர் பீட்டர் மெடவார் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி. இரண்டாம் உலக யுத்த காலத்தில், தீக்காயமுற்றோருக்கு ஒட்டிய பிறர் தோல் ஏன் நிலைப்பதில்லை என்று ஆராயப் புகுந்து, 1960-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். தாயும் சிசுவும் உறுப்பமைப்பால் பிரிக்கப்பட்டிருக்கலாம், சிசுவின் அடையாளங்கள் முதிர்ச்சியற்றிருக்கலாம், அல்லது தாயின் எதிர்ப்பு சக்தி மந்தப்பட்டிருக்கலாம் என மூன்று சமாதானங்களை அவர் முன்வைத்தார். பின்வந்த ஆராய்ச்சிகள் முதலாவதற்கு ஓரளவு இடம் தந்தன. ஏனைய இரண்டும் அவர் சொன்ன வடிவில் நிலைபெறவில்லை. ஆயினும் மூன்றாவது எண்ணம், கர்ப்பிணியின் எதிர்ப்பு சக்தி உறங்கிக் கிடக்கிறது என்னும் நம்பிக்கையாக, இன்றும் பல குடும்பங்களில் வேரூன்றியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

தாயின் ரத்தத்தைத் தொடும் சவ்வு

தாயின் உடலோடு நேராக உறவாடுவது சிசு அன்று; கருவிலிருந்தே தோன்றிப் பிரசவத் தறுவாயில் சுமார் அரை கிலோ எடைக்கு வளரும் நஞ்சுக்கொடியே. அதன் நுண்ணிய விரல்போன்ற கிளைகள் தாயின் ரத்தத்தில் நேரடியாக நனைந்திருக்கின்றன. அக்கிளைகளைப் போர்த்தியுள்ள மேற்சவ்வு, எண்ணிறந்த உயிரணுக்கள் தம்முள் எல்லையின்றி இணைந்து ஒரே பரப்பாகிவிட்ட அபூர்வ அமைப்பு. அவ்விணைப்பை நிகழ்த்தும் சின்சிட்டின் என்னும் புரதம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் விலங்கு முன்னோரைத் தொற்றி, அவர்களுடைய மரபணுத் தொகுதியிலேயே தங்கிவிட்ட ஒரு வைரஸின் எச்சமென்று 2000-ஆம் ஆண்டில் புலனாயிற்று. சத்துருவாய் வந்தது சந்ததியைக் காக்கும் உறுப்புக்கு ஆதாரமாகிவிட்ட இவ்விந்தையை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

நம் உயிரணுக்கள் பெரும்பாலும் தம்மீது எச்.எல்.ஏ. என்னும் அடையாளப் புரதங்களைத் தாங்கியிருக்கின்றன. அவற்றைக் கொண்டே வெள்ளையணுக்களில் ஒரு பிரிவான டி அணுக்கள் தன்னவர் யார், அன்னியர் யார் என்று பிரித்தறிகின்றன. மேற்சொன்ன சவ்வோ அவ்வடையாளங்களைத் தாங்குவதே இல்லை. ஆகவே தந்தைவழி அம்சம் தாயின் டி அணுக்களின் பார்வைக்கு அங்கே அகப்படுவதில்லை.

கொல்ல வந்தவை துணைநிற்றல்

நஞ்சுக்கொடியின் வேறொரு வகை உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள்ளேயே ஊடுருவிச் செல்கின்றன. இவை நிராகரிப்பைத் தூண்டவல்ல எச்.எல்.ஏ.-ஏ, எச்.எல்.ஏ.-பி ஆகியவற்றைக் களைந்துவிட்டு, சி, இ, ஜி போன்றவற்றைத் தாங்குகின்றன. ஜி என்பது நஞ்சுக்கொடிக்கே ஏறக்குறைய உரித்தானது. அடையாளம் குன்றிய உயிரணுவைக் கண்டால் தாக்கும் இயல்புடைய என்.கே. அணுக்கள், அதாவது இயற்கைக் கொலையணுக்கள், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் கருப்பை உட்சுவரின் வெள்ளையணுக்களுள் சுமார் 70 சதவீதம் இருக்கின்றன. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. கருப்பையில் உள்ளவை பெயருக்கேற்பக் கொல்வதில்லை. ஊடுருவி வந்த உயிரணுக்களின் அடையாளங்களைத் தொட்டறிந்து, அவற்றுடன் சேர்ந்து தாயின் குறுகிய சுருள் தமனிகளை அகலத் திறந்து, சிசுவுக்கு ரத்தம் தாராளமாகப் பாய வழிசெய்கின்றன. இவற்றோடு, தாக்குதலைக் கட்டுப்படுத்தும் சீரமைப்பு டி அணுக்களும் கர்ப்ப காலத்தில் பெருகுகின்றன. தாயின் எதிர்ப்பு சக்தி உறங்கவில்லை, விழித்திருந்தே பணிபுரிகிறது.

தமனிகள் திறவாதபோது

இந்தக் கூட்டுப்பணி குறைவுறின், சுருள் தமனிகள் போதிய அளவு விரிவதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி வெளியிடும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன. கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியா தோன்றும் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்று. சாதாரணமாக 20 வாரங்களுக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டுவதும், சிறுநீரில் புரதம் காணப்படுவதும் இதன் குறிகள். முதற் கர்ப்பத்திலேயே இது அதிகம். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென்று வீங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாமதித்தால் வலிப்பு வரக்கூடும். உணர்த்தும் அறிகுறி ஏதுமின்றியே அழுத்தம் ஏறிவிடுவதும் உண்டாதலால், ஒவ்வொரு பரிசோதனையிலும் அதை அளந்து பார்த்தல் அவசியம். அபாயம் மிகுந்தோருக்கு, 16 வாரத்துக்குள் தொடங்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்நோயைக் குறைக்கிறது. ஆயினும் அதை மருத்துவர் சொல்லியே உட்கொள்ள வேண்டும்.

தடுப்பூசியும் ரத்தப் பிரிவும்

தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புப் புரதங்களுள் ஐ.ஜி.ஜி. வகையை நஞ்சுக்கொடி தானே பொறுக்கியெடுத்துச் சிசுவுக்கு அனுப்புகிறது. கர்ப்பிணிக்கு இடும் டெட்டனஸ் - டிஃப்தீரியா ஊசி பிறக்கும் குழந்தையையும் சில மாதங்கள் காப்பது இதனால்தான்.

ஆனால் இதே வழி தீங்குக்கும் துணையாகலாம். ஆர்.எச். நெகட்டிவ் ரத்தமுள்ள தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறக்கையில், குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்து, அவற்றுக்கு எதிரான ஐ.ஜி.ஜி.யை உண்டாக்கிவிடும். பெரும்பாலும் முதற் குழந்தை தப்பிக்கிறது. அடுத்த கர்ப்பத்தில் அந்த எதிர்ப்புப் புரதம் சிசுவின் சிவப்பணுக்களை அழித்து, சோகையும் மஞ்சள் காமாலையும் விளைவிக்கும். இதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை, 28-ஆம் வாரத்தில் ஒருமுறையும், குழந்தை பாசிட்டிவ் என்று தெரிந்தால் பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் இடுகின்றனர். கருச்சிதைவு நேர்ந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாமாதலால், அது வீட்டிலேயே நிகழ்ந்திருப்பினும் தாய் தன் ரத்தப் பிரிவை மருத்துவரிடம் தெரிவித்து ஆலோசனை கேட்க வேண்டும்.