எல் துன்கோவில் தனியே மூன்று நாட்கள்

எல் சல்வடோரில் நான் முதலில் பழகிக்கொண்ட ஸ்பானியச் சொல் "சோலா". தனியாகவா என்று ஒரு பெண்ணிடம் கேட்பதற்கு அந்த ஒரு சொல் போதும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார். விடுதியில் திறப்பைத் தந்த பிள்ளை கேட்டாள். கடற்கரையில் இளநீர் விற்றவரும் கேட்டார். "ஆரோட வந்தனீங்கள்?" என்று எங்கள் ஊரில் கேட்பார்களே, அதுவேதான்.

எல் சல்வடோர் மத்திய அமெரிக்காவில் உள்ள மிகச்சிறிய நாடு. பரப்பில் இலங்கையின் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அங்கும் 1980 முதல் 1992 வரை உள்நாட்டு யுத்தம் நடந்தது. 75,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காணாமல் ஆக்கப்பட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களோடு வேலை செய்யும் பெண்களின் கலந்துரையாடல் ஒன்றுக்காக 2023 நவம்பரில் தலைநகர் சான் சல்வடோருக்குப் போயிருந்தேன். அங்கே குஸ்கட்லான் பூங்காவில் 2003இல் திறக்கப்பட்ட நீண்ட கருங்கற் சுவர் ஒன்று இருக்கிறது. கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட ஏறக்குறைய 30,000 பொதுமக்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எங்களோடு வந்த வயதான தாய் ஒருவர் ஒரு பெயரின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் நின்றார். நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை.

கூட்டம் முடிந்தும் எனது விமானத்துக்கு மூன்று நாட்கள் இருந்தன. மலிவான ரிக்கற் எடுத்ததால் வந்த வினை. "கடற்கரைக்குப் போய் இரு, முகம் களைத்திருக்கிறது" என்று அங்குள்ள தோழி ஒருத்தி எல் துன்கோவுக்கு பஸ் ஏற்றி விட்டாள்.

தலைநகரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீற்றர். பசுபிக் சமுத்திரக் கரையில் ஒரு சின்ன ஊர். எரிமலை நாடு என்பதால் மணல் கறுப்பு. கரைக்கு அருகே கடலுக்குள் பெரிய பாறையொன்று நிற்கிறது. துன்கோ என்றால் அவர்களுடைய பேச்சில் பன்றி. அந்தப் பாறையின் பெயர்தான் ஊருக்கும். ஆனால் எந்தப் பக்கம் நின்று பார்த்தும் எனக்குப் பன்றி தெரியவில்லை.

அலைச்சறுக்குக்குப் பெயர் போன இடம் அது. பக்கத்திலுள்ள எல் சுன்சால், லா பொக்கானா அலைகளில்தான் 2021லும் 2023லும் உலக அலைச்சறுக்குப் போட்டிகள் நடந்தன. விடிய ஐந்தரைக்கே பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெண்பிள்ளைகளும் கடலுக்கு இறங்கிவிடுகிறார்கள்.

அறைக்கு நாளொன்றுக்கு 20 டொலர். மூன்று நாளைக்கு எங்கள் காசில் இருபதாயிரம் ரூபா வரை வரும். எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா கோழிக்கூடு போடக் கேட்ட கடன் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் நாள் முழுவதும் அந்தக் கோழிக்கூடு என் கண்ணுக்குள் நின்றது. உடுப்புத் தோய்த்தேன். கூட்டத்தின் அறிக்கையை எழுதி முடித்தேன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏணையில் படுத்தேன், ஐந்து நிமிடத்தில் எழும்பிவிட்டேன். சும்மா இருப்பது எனக்குத் தெரியவில்லை என்பதை அன்றுதான் கண்டேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டைத் தனியே சுமக்கிற பெண்ணுக்கு யார் வந்து "கொஞ்சம் இரு பிள்ளை" என்று சொல்கிறார்கள்? உங்களுக்கென்ன, வெளிநாடு போகலாம் என்று நீங்கள் கேட்பதும் நியாயம்தான். மற்றவர்கள் தந்த ரிக்கற்றில் போனவள் நான்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தெருமூலையில் புபுசா சுடும் அம்மாவிடம் போனேன். சோள மாவையோ அரிசி மாவையோ உருட்டி, நடுவில் அவரையும் சீஸும் வைத்துத் தட்டித் தகட்டில் போடுவார்கள். எங்கள் றொட்டியின் தங்கச்சி என்று வையுங்கள். கோவாவும் கரட்டும் போட்டுப் புளிக்க வைத்த ஊறுகாய் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். கையால்தான் சாப்பாடு. நான் கையால் பிய்த்துத் தின்றதைப் பார்த்து அவருக்குச் சந்தோசம். "இஹா" என்று கூப்பிட்டு இன்னொன்று வைத்தார். இஹா என்றால் மகள்.

விடுதிப் பிள்ளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல, அடுத்த இரவு அந்த அம்மாவோடு நிறையக் கதைத்தேன். முன்பு குற்றக் கும்பல்களுக்குக் கப்பம் கட்டினாராம், பொழுதுபடக் கடையைப் பூட்டுவாராம். 2022 மார்ச்சில் அரசு அவசரகால நிலையைக் கொண்டுவந்தது. 2023 முடிவதற்குள் 70,000 பேருக்கு மேல் கைதானார்கள். "இப்போது இரவு பத்து மணிக்கும் பயமில்லாமல் அடுப்பு எரிகிறது" என்றார். அதே மூச்சில், தன் தங்கையின் மகனையும் வீட்டிலிருந்து பிடித்துப் போனதாகச் சொன்னார். பிள்ளையைப் பார்க்க விடுவதில்லையாம். மாதாமாதம் சிறை வாசலில் சவர்க்காரமும் உடுப்பும் கொடுத்துவிட்டுத் தங்கை திரும்பி வருவாளாம். நான் என்ன சொல்வது? வாசலில் நிற்கும் தாய்மாரை எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

கடலைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்தவள். 2004 டிசம்பரில் அந்தக் கடல் என் மாமி வீட்டைக் கொண்டுபோனது. 2009இல் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி என்று நாங்கள் கிடந்த நாட்களை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதன்பின் பதினான்கு வருடமாக நான் கடலில் கால் வைத்ததில்லை. எல் துன்கோவிலும் இரண்டு நாட்கள் மதிலோரக் கதிரையில் இருந்து பார்த்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலை வற்று. அலை சிறிதாக இருந்தது. கரையோரத்தில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்குப் பழக்கும் பத்தொன்பது, இருபது வயதுப் பெண் என்னைக் கண்டு கையசைத்தாள். போட்டிருந்த சல்வாரோடேயே இறங்கினேன். முழங்கால் வரை போனதும் நெஞ்சு இடித்தது. திரும்பிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, கூப்பிடவுமில்லை. காத்துக்கொண்டு நின்றாள். மறுபடி போனேன். பலகையில் குப்புறப் படுக்கச் சொல்லி, தள்ளிவிட்டாள். ஒரு அலை என்னைக் கரைவரை கொண்டுவந்து மணலில் போட்டது. மூக்கு, வாய் எல்லாம் உப்பு. எழும்பி நிற்கவெல்லாம் என்னால் முடியவில்லை. ஆனால் நாலு தரம் போனேன். அழுதேனா, தண்ணீர்தானா என்று எனக்கே தெரியாது.

அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது மறுநாள் விடிய ஐந்தரை.

"ஆரோட நிக்கிறாய்?"

"தனியத்தான் அம்மா. கடற்கரையில."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இறங்கினியோ?"

"ஓம்."

"தலையை நல்லா நல்லதண்ணியில கழுவினியோ? உப்புக் கிடந்தால் மயிர் கொட்டும்."

தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.