சாட்சியை நகர்த்திய கணவர்

காஞ்சிபுரத்துக்குப் போனால் பட்டுப் புடைவை வாங்குவீர்கள், கோயில் இட்லி சாப்பிடுவீர்கள், ஏகாம்பரநாதரையும் தரிசிப்பீர்கள். அந்தச் சந்நிதியில் நிற்கும்போது, நேயர்களே, ஒரு கணவரை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை இழந்து வந்த சுந்தரமூர்த்தி நாயனாருக்கு இடக்கண் திரும்பக் கிடைத்தது இங்கேதான் என்று பெரிய புராணம் சொல்கிறது.

கண் ஏன் போயிற்று? திருவாரூரில் பரவையார் இருக்க, திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்பினார். ‘உன்னைப் பிரியேன்’ என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். அதற்கு முன் சிவபெருமானிடம் ரகசியமாக ஒரு வேண்டுகோள்: “நான் சத்தியம் செய்யும் சமயத்தில் தாங்கள் கொஞ்சம் மகிழ மரத்தடியில் போய் இருங்கள்!” பெருமானோ சங்கிலியார் தரப்புக்கும் சேதி சொல்லிவிட்டார். மரத்தடியிலேயே சத்தியம் நடந்தது. பிறகு அதை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் போயின.

பிரிந்து போனதைத்தான் எல்லோரும் குற்றமாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ சாட்சியை நகரச் சொன்னதுதான் உறுத்துகிறது.

இப்போது அதற்கு மகிழ மரம் வேண்டியதில்லை, செல்போன் போதும். அனுப்பிய செய்தியை இருவர் போனிலிருந்தும் அழிக்கும் வசதியை வாட்ஸ்அப் 2017-இல் கொடுத்தது. தானாகவே மறையும் செய்தி 2020-இல் வந்தது. குறிப்பிட்ட ஓர் உரையாடலை மட்டும் பூட்டி வைக்க 2023-இல் வழி பிறந்தது. வசதிகள்மேல் பிழையில்லை. ஆனால் மனைவி அறைக்குள் வந்ததும் போன் ஏன் குப்புறப் படுத்துக்கொள்கிறது? சிநேகிதியின் பெயர் ஏன் ‘கேஸ் ஏஜென்ஸி’ என்று பதிவாகிறது? “தூக்கம் வருகிறது” என்று விடைபெற்ற காதலி இரவு ஒரு மணி வரை யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருப்பானேன்? கேட்டால், “ஒன்றுமில்லை” என்பார்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லைதான்! ஒன்றுமில்லாததை ஒளிப்பானேன் என்ற கேள்விதான் மற்றவரைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

சந்தேகப்பட்டவரும் பிறகு ஒளியத்தான் செய்கிறார். மனைவியின் போன் அழைப்பு விவரங்களைத் திருட்டுத்தனமாக எடுத்து விவாகரத்து வழக்கில் நீட்டினார் ஒரு கணவர். அது சாட்சியமாகாது என்று மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2024 அக்டோபரில் தள்ளிவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், தம்பதிகளின் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. வேவு பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டால், அந்த மண வாழ்வு முன்பே பழுதாகிவிட்டதற்கு அதுவே அறிகுறி என்றும் சொன்னது. கோர்ட்டில் யார் ஜெயித்தாலும் வீட்டுக்கு எதைக் கொண்டு போவது?

சுந்தரருக்கு வலக்கண் திருவாரூரில் கிடைத்தது. உடனே பரவையார் வீட்டுக் கதவு திறந்துவிட்டதா? இல்லை. ஒற்றியூர்ச் சேதி அவருக்கு எட்டியிருந்தது. சமாதானம் பேசச் சிவபெருமானே நள்ளிரவில் தூது நடந்தார். பரவையார் முடியாதென்று சொல்லிவிட்டார். பெருமான் இரண்டாம் முறையும் நடக்க வேண்டியதாயிற்று.