எல்க் இறைச்சிக் குழம்பு: பொறுமையிற் கனியும் சுவை

நாம் வாழும் நோர்வே நாட்டிலே எல்க் வேட்டைக் காலம் செப்டெம்பர் 25 ஆம் திகதி தொடங்கி டிசெம்பர் 23 ஆம் திகதி நிறைவெய்துகின்றது. மான் இனத்திற் பெரியதாகிய இவ்விலங்கின் தொகை அளவுக்கு மிஞ்சினால் இளமரங்கள் அழியும். வீதி விபத்துக்களும் பெருகும். ஆதலால் உள்ளூராட்சி மன்றங்கள் வகுக்கும் எண்ணிக்கைக்கு அமையவே வேட்டை நடைபெறுகின்றது.

இக்காலத்தில் நோர்வேஜிய அயலவர் அன்புடன் இறைச்சிப் பொதியொன்றை நமக்குத் தருவதுண்டு. அதனை ஆட்டிறைச்சி போலக் கடுந்தீயிற் சமைத்து, இறுகிப் போயிற்றே என்று ஒதுக்கிவிட்டால் அவ்வன்பளிப்பு வீணாகிவிடும்.

ஏன் இறுகுகின்றது?

காட்டிலே ஓடித் திரியும் விலங்கின் தசையிற் கொழுப்பு மிகக் குறைவு. தோள், கழுத்து, கால் ஆகிய பகுதிகளிற் கொலாஜன் என்னும் புரதம் மிகுந்திருக்கும். கடுந்தீயில் தசைநார்கள் சுருங்கி நீரை இழக்கின்றன. மெல்லிய தீயில் நெடுநேரம் வேகும்போதோ கொலாஜன் கரைந்து ஜெலற்றினாக மாறி, இறைச்சியை மென்மையாக்கிக் குழம்பையும் தடிப்பாக்குகின்றது.

தேவையான பொருட்கள் (ஆறு பேருக்கு)

எல்க் தோள் இறைச்சி 1 கிலோ, வெண்ணெய் 50 கிராம், வெங்காயம் 2, கரட் 3, காளான் 250 கிராம், கோதுமை மா 2 மேசைக்கரண்டி, நசுக்கிய ஜூனிப்பர் கனிகள் 10, நீர் 8 டெசிலீற்றர், றொம்மெ எனப்படும் புளித்த பாலாடை 2 டெசிலீற்றர், பழுப்புப் பாலாடைக்கட்டி 40 கிராம், உப்பு, மிளகு.

செய்முறை

உறைந்த இறைச்சியை முதல்நாளே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடுக. ஈரத்தைத் துடைத்து, மூன்று சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயிட்டுச் சிறிது சிறிதாகப் பொன்னிறமாக வறுக்கவும். எல்லாவற்றையும் ஒருங்கே இட்டால் நீர் விட்டு அவிந்துவிடும். வறுபட்ட மணம் உண்டாகாது. பின்னர் வெங்காயத்தை வதக்கி, மாவைத் தூவிக் கிளறி, இறைச்சி, ஜூனிப்பர், உப்பு, மிளகு, நீர் ஆகியவற்றைச் சேர்த்து மூடி, மெல்லிய தீயில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வேக விடுக. கொதித்துத் துள்ளுதல் ஆகாது. கடைசி அரைமணி நேரத்திற் கரட்டையும் வதக்கிய காளானையும் இடுக. இறுதியில் றொம்மெயையும் பாலாடைக்கட்டியையும் கரைத்து இறக்குக.

பழுப்புப் பாலாடைக்கட்டி, பால்தெளிவை நெடுநேரம் காய்ச்சிச் செய்யப்படுவது. அதன் இனிமை காட்டிறைச்சியின் கடுமையைத் தணிக்கும். அவித்த உருளைக்கிழங்கும், தித்தெபார் என்னும் புளிப்புச் செங்கனிக் கூழும் இதற்கு உற்ற துணை. சோற்றுடனும் உண்ணலாம்.

கவனிக்க வேண்டியது

ஈயக் குண்டினாற் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியிற் கண்ணுக்குப் புலப்படாத ஈயத் துகள்கள் பரவியிருக்கக்கூடும். சமைப்பதனால் ஈயம் அழியாது. அது சிறுவரின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைப்பது. எவ்வகைக் குண்டு பயன்பட்டது என்று தந்தவரிடம் தயங்காது கேட்டறிக. காயம்பட்ட இடத்தைச் சுற்றியுள்ள தசையைத் தாராளமாக வெட்டி நீக்குதல் வேண்டும். ஈயக் குண்டெனின், அல்லது விடை தெளிவாகக் கிடைக்காவிடின், கருவுற்ற தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதனைக் கொடாதிருத்தலே நன்று.

அயலவர் தந்த உணவை அவர்தம் முறையிலேயே சமைத்து, ஒரு கிண்ணம் அவர்களுக்கும் கொடுத்துப் பாருங்கள். மொழியினும் விரைவாக உறவு வளர்வதைக் காண்பீர்கள்.