கண்ணாடிச் சூளை: ஓர் உபதொழில்

தறியும் கழனியும் நமது அங்கத்தினர்களுக்கு இரு கண்கள். ஆயினும் வேலை குறைந்த மாதங்களில் கைகள் ஓய்ந்திருத்தலாகாது. விழிதியூர் போன்ற நமது காரைக்கால் வட்டாரத்துச் சிற்றூர்களில், கண்ணாடியைச் சூளையிலிட்டு அணிப்பொருள்கள் செய்யும் தொழிலும் எண்ணிப் பார்க்கத் தக்கதே.

கண்ணாடிக் கலை நமக்குப் புதியதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கடல் வாணிபம் தழைத்த அவ்விடத்தில், உருக்கிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனை மழுக்கி மணிகள் செய்தனர்.

நாம் கூறும் முறைக்கு ஊதுகுழல் வேண்டுவதில்லை. வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால் அவை இளகி ஒன்றாக இணையும். ஆறிய தகட்டைச் சுட்ட மண் அச்சின்மீது வைத்து, கண்ணாடியின் வகைக்கேற்ப 650 முதல் 720 டிகிரி வரை மறுமுறை சூடேற்றினால், அது தன் எடையாலேயே வளைந்து தட்டாகவோ கிண்ணமாகவோ படியும். கண்ணாடி ஒட்டாதிருக்க அலுமினாவும் வெண்களிமண்ணும் கலந்த குழம்பை அச்சில் பூசி, நன்கு உலர்த்துதல் அவசியம். காற்று வெளியேற அச்சின் அடியில் சிறு துளையும் வேண்டும்.

பொருள் நெருப்பில் கெடுவதினும் ஆறுகையில் கெடுவதே மிகுதி. கடும் வெயிலில் அவசரமாக உலர்த்திய நெல் ஆலையில் நொய்யாவதை உழவர் அறிவர். கண்ணாடியும் அத்தகையதே. மேற்புறம் முந்தியும் உட்புறம் பிந்தியும் ஆறினால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். விற்று முடிந்த பின்னரும் விரிசல் காணக்கூடும். ஆதலின் 500 முதல் 550 டிகிரி அளவில் சற்று நேரம் நிறுத்தி, பிறகு மெல்ல ஆறவிட வேண்டும். சூளையை இடையே திறத்தல் கூடாது.

சுருங்கும் அளவு வேறுபட்ட நூல்களைக் கலந்து நெய்த துணி முதற் சலவையிலேயே சுருண்டுவிடும் என்பது நெசவாளர் அறிந்தது. அவ்வாறே, ஒத்துச் சுருங்காத கண்ணாடிகளைச் சேர்த்தால் ஆறும்போது பிளக்கும். ஜன்னல் கண்ணாடியையும் புட்டிக் கண்ணாடியையும் சோதியாது கலத்தல் நட்டத்துக்கே வழி.

எனவே கடன் மனு எழுதுமுன், சூளையின் விலையை மட்டுமன்றி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, மின்கட்டணம், உடையும் பொருளின் நட்டம் ஆகியவற்றையும் கணக்கில் எழுதிப் பாருங்கள். தனியொருவர் தாங்கவொண்ணாத இச்செலவைப் பலர் கூடி ஒரே பொதுச் சூளையாகத் தாங்கலாம். முதலில் சிறு தட்டுகளைச் செய்து தேறுங்கள். சங்கத்தின் பணமும் உங்கள் உழைப்பும் வீணாகா.