சாவி வந்தால் வண்டி வந்துவிடாது

ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், 2023 தொடக்கத்தில் ஒரு டீசல் கார் வாங்கினார். டெல்லி வண்டி. அதே மாடல் இங்கே போகும் விலையில் முக்கால்வாசிகூட இல்லை. டயரைத் தட்டிப் பார்த்தே எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது என்று சொல்லக்கூடிய ஆள் அவர். பானெட்டைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், பட்டறைக்காரரையும் கூட்டிப்போய் ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. குறை காகிதத்தில் இருந்தது. டெல்லியில் அந்தக் காரின் மேல் வாங்கிய கடன் அடையவில்லை. கடன் அடையாமல் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வராது, என்.ஓ.சி. வராமல் இங்கே பேர் மாறாது. விற்ற கன்சல்டிங்காரர் முதல் மாதம் போனை எடுத்தார், மூன்றாம் மாதம் ஸ்விட்ச் ஆஃப். கார் இன்றைக்கும் பண்ணைக் கொட்டகையில் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

சேலம், நாமக்கல் சீமைக்காரர்களுக்கு வண்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் பாடி கட்டாத லாரி எது? சங்ககிரி லாரியும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக்கும் போகாத மாநிலம் இல்லை. ஆனால் இரும்பைப் பார்க்கிற கண் நமக்குக் காகிதத்தைப் பார்க்கும்போது மங்கிவிடுகிறது. "ஆர்.சி. இருக்குது, கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்குது, அப்புறம் என்ன?" என்ற ஒரு வரியில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள்.

டெல்லி வண்டி ஏன் மலிவு? தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் பிடியைத் தளர்த்தியது. அதன் பிறகும் உத்தரவுகள் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. எட்டு, ஒன்பது வயது டீசல் காரை அங்கே வைத்திருப்பவர் வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார். இங்கே அந்த வண்டிக்கு 15 ஆண்டு வரை ஆர்.சி. ஆயுள் இருக்கிறது. இதில் திருட்டுத்தனம் ஒன்றுமில்லை, நேரான வியாபாரம்தான். மலிவு விலையோடு கூட வேறென்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் எங்கே பதிவு செய்த வண்டியையும் எங்கேயும் ஓட்டலாம். ஆனால் வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்துப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. இந்த 12 மாதத்தை வரி விடுமுறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பதிவெண்ணுக்கான கெடு மட்டும்தான். சாலை வரி தனிக் கணக்கு.

பதிவெண் மாற்ற முதல் படி, பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் படிவத்தில் என்.ஓ.சி. வாங்குவது. கொடுப்பதற்கு முன்னால் அந்த அலுவலகம் இரண்டு விஷயங்களைப் பார்த்தாக வேண்டும்: வண்டி திருடு போனதாக வழக்கு இல்லை என்ற காவல்துறை அறிக்கை, அரசுக்கு வர வேண்டிய வரிப் பாக்கி இல்லை என்ற உறுதி. கடன் வண்டி என்றால் ஃபைனான்ஸ் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். இங்கே வாங்குகிறவருக்கு ஓர் உரிமை உண்டு, பலருக்குத் தெரியாது. விண்ணப்பித்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகம் என்.ஓ.சி. கொடுக்க வேண்டும், அல்லது ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டும் செய்யவில்லை என்றால் கொடுத்ததாகவே சட்டம் கருதுகிறது. அதனால் விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "இன்னைக்குப் போய்ட்டு நாளைக்கு வாங்க" என்பதற்குப் பதில் அந்த ரசீதுதான்.

என்.ஓ.சி. வந்த பிறகு நாமக்கல்லிலோ சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ உங்கள் எல்லைக்குட்பட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 27-ஆம் படிவம், கூடவே பேர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்கள். வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சேசிஸ் நம்பரை அச்செடுத்து ஒத்துப்பார்ப்பார்கள். அப்புறம் வரி. நம்மவர்கள் தவறவிடும் கணக்கு இங்கேதான் இருக்கிறது. நீங்கள் மூன்று லட்சத்துக்கு வாங்கியிருக்கலாம். வரி அந்த மூன்று லட்சத்துக்கு அல்ல, கார் புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதை வைத்து, வயதுக்கேற்ற விகிதத்தில். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் புதிய கார்களுக்கான வாழ்நாள் வரியை உயர்த்தினார்கள். பத்து லட்சத்துக்கு மேல் 18 சதவீதம், இருபது லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். விலை உயர்ந்த காரைப் பழசாக வாங்கி வருபவர், எடுத்த எடுப்பில் மிச்சம் பிடித்ததை ஆர்.டி.ஓ. கவுண்டரில் கட்டிவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள், புரோக்கர் சொல்லும் தொகை, பெரும்பாலும் புரோக்கருக்குச் சௌகரியமான தொகை. முதல் மாநிலத்தில் ஏற்கெனவே கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. அலைச்சலுக்குப் பயந்து விடுகிறவர்களே அதிகம்.

கையெழுத்துப் போட்டு, தேதியும் பேரும் நிரப்பாமல் கொடுக்கும் 29, 30-ஆம் படிவங்கள்தான் இந்த வியாபாரத்தின் பெரிய விஷம். ஓப்பன் ஃபார்ம் என்பார்கள். வண்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு என்று போய்க்கொண்டே இருக்கும், ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பேர் உட்கார்ந்திருக்கும். ஆபத்து வாங்குகிறவருக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த நாளில் பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. ஆத்தூரில் விற்ற கார் இரண்டு வருடம் கழித்து ஓசூரில் ஒருவரை மோதினால், இன்சூரன்ஸும் காலாவதி ஆகியிருந்தால், நோட்டீஸ் ஆத்தூருக்குத்தான் வரும்.

பேர் மாற்றத்துக்குக் கெடு இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு என்றால் 45 நாள். வாங்கியவருக்கு 30 நாள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பேருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குக் காப்பு வராது. காரை மரத்தில் மோதிவிட்டு, பாலிசி இருக்கிறது என்று கிளைம் போட்டவர்களுக்கு இது தெரியும்.

பழைய கார் வியாபாரிகளுக்கும் 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் கடிவாளம் வந்திருக்கிறது. பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் வியாபாரி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், 29-பி படிவத்தில். ஐந்து ஆண்டு செல்லும். உங்கள் வண்டியை அவரிடம் ஒப்படைக்கும்போது 29-சி படிவம் வழியாக ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் போனால், அந்த நாளிலிருந்து பொறுப்பு வியாபாரியின் தலையில். விற்கிறவருக்கு இதைவிட நல்ல கவசம் கிடையாது. "உங்கள் சான்றைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றும் கடையில் டீ குடித்துவிட்டு வரலாம், வண்டி எடுக்க வேண்டாம்.

இனி வெளிநாட்டு வண்டி. துபாயிலோ சவூதியிலோ பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் தம்பிமார், அங்கே ஓட்டிய காரை இங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்பதுண்டு. முடியாது. வளைகுடாவில் ஸ்டியரிங் இடது பக்கம். இந்தியாவுக்கு இறக்கும் பழைய கார் வலது பக்க ஸ்டியரிங் கொண்டதாக இருக்க வேண்டும். தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. சென்னைத் துறைமுகம் பக்கத்தில் இருந்தாலும் பயனில்லை, பழைய கார் மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறங்க வேண்டும். வரி, காரின் விலையையே தாண்டும். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும் சிங்கப்பூர், மலேசியா வண்டிகளுக்கும் இந்த வயதும் வரியும் பொருந்தும். "சிங்கப்பூர் கார், கஸ்டம்ஸ் கிளியர் ஆகி வந்தது, பாதி விலை" என்று யாராவது சொன்னால், கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு வரி கட்டிய கார் பாதி விலைக்கு எப்படி வரும்?

இறக்குமதிக் காகிதத்தில் விளையாடினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பேர் பெற்ற வழக்கு ஒன்று உண்டு. 1994-இல் வெளிநாட்டிலிருந்து இறங்கிய ஒரு லெக்சஸ் கார். புத்தம் புதிய காரை, 1993 மாடல் பழைய கார் என்று காகிதம் காட்டி இறக்கினார்கள்; அரசுக்கு இழப்பு ஒரு கோடியே ஆறு லட்சம் ரூபாய் என்றது சி.பி.ஐ. சசிகலாவின் கணவர் ம. நடராஜன் உள்ளிட்ட நால்வருக்கு 2010-இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரண்டாண்டு சிறை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு காருக்காக இருபத்து மூன்று வருட வழக்கு.

அது செல்வாக்குள்ளவர்கள் கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை 'நும்கோர்' என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை போட்டது. அந்தச் சொல்லுக்குப் பூட்டான் மொழியில் வாகனம் என்று பொருள். பூட்டான் வழியாக வரி கட்டாமல் வந்த விலை உயர்ந்த பழைய வண்டிகள், ராணுவத்தின் பெயரிலும் தூதரகங்களின் பெயரிலும் போலிக் காகிதம் தயாரித்து இமாச்சலம் போன்ற மாநிலங்களில் பதிவாகி, பிறகு தெற்கே விற்பனைக்கு வந்தன என்கிறது சுங்கத்துறை. முதல் நாளே 30-க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பிடித்தார்கள். இப்படிப்பட்ட வண்டியைப் பணம் கொடுத்து, ஆர்.சி. பார்த்து, நல்ல எண்ணத்தோடு வாங்கியவருக்கும் வண்டி கையில் தங்காது. விற்றவருக்கே இல்லாத உரிமை உங்களுக்கு வராது. முதல் பதிவு எங்கேயோ மலை மாநிலத்தில், இறக்குமதி ரசீது கேட்டால் நகல்கூட இல்லை என்றால், அந்த ஜீப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தொடாதீர்கள். சுங்கத்துறை ஏலத்தில் மலிவாகக் கார் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பறிமுதல் பொருட்களை அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணையதளத்தில் வெளிப்படையாக ஏலம் விடுகிறார்கள். கூகுள் பே நம்பர் கொடுத்து டோக்கன் அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள்.

சுங்கத்துறை வண்டியைப் பிடித்துவிட்டால் மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும்; எழுத்தில் உத்தரவு போட்டு இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். அதுவும் இல்லை என்றால் வண்டியைத் திருப்பித்தர வேண்டும். வழக்கு முடியும் வரை பிணையம் கட்டி தற்காலிகமாக விடுவிக்கவும் கேட்கலாம். பறிமுதல் உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

மற்ற வண்டிகளுக்கு, பணம் கைமாறும் முன் செய்ய வேண்டியது கால் மணி நேர வேலைதான். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்று காட்டும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் இன்ஜின், சேசிஸ் எண்ணைப் போட்டால் திருட்டு வண்டியா என்று தெரியும். கடன் முடிந்தது என்று வாய்ப்பேச்சு வேண்டாம். 35-ஆம் படிவமும் வங்கிக் கடிதமும் கேளுங்கள். சென்னையில் 2015-இலும் 2023-இலும் வெள்ளத்தில் முழுகிய கார்கள் பல, கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேறு காட்டிக்கொடுக்கும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். விற்பனைக் கடிதத்தில் தேதியோடு மணியையும் எழுதுங்கள்.

ஏமாந்துவிட்டால்? ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மோசடிக்குக் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் புகார். விற்றவர் வியாபாரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கேயே விசாரிப்பார்கள். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. வியாபாரி டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இதற்காக ரயில் ஏற வேண்டாம். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் வியாபாரி அல்ல, தனி மனிதர் என்றால் இந்தக் கதவு திறக்காது. போலீஸும் உரிமையியல் நீதிமன்றமும்தான்.

நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு கெடு. ராசிபுரத்து நண்பருக்கு அது 2025-லேயே முடிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனுப்போட வக்கீலைப் பார்த்திருக்கிறார். கன்சல்டிங்காரர் கொடுத்த ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார். காருக்குள்தான் எங்கேயோ வைத்தாராம்.