இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

2,93,31,86,25,600 ஒரு மிகுபகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்ணுக்குத்தான் இந்தப் பெயர். எளிய உதாரணம் 12. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் கிடைத்த 12 பழங்களை ஒருவர், இருவர், மூவர், நால்வர், அறுவர், பன்னிருவர் என ஆறு விதமாக மிச்சமில்லாமல் பங்கிடலாம். அதற்குக் குறைந்த எந்த எண்ணிக்கையிலும் இத்தனை வழி கிடையாது.

29,331 கோடியைத் தாண்டும் நம் எண்ணுக்குக் காரணிகள் 5040. ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை, பகா எண்களாகப் பிரித்தால் போதும். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5, 7 இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை பெருக்கினால் இந்த எண் வரும். ஒரு காரணியை அமைக்கும்போது 2ஐ அடியோடு விட்டுவிடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வாய்ப்புகள். இப்படியே 3க்கு ஐந்து, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. 7×5×3×3×2×2×2×2 = 5040. 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் இது மீதியின்றி வகுபடும், 23ஆல் வகுபடாது.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஏறாமல் வருவதற்குக் காரணம் உண்டு. 2க்கு நான்கு, 3க்கு ஆறு என்று மாற்றிப்போட்டால் காரணிகள் கூடாது, எண்தான் பெரிதாகும். அப்படிப் பெரிதானது மிகுபகு எண்ணாக இருக்க முடியாது. இது எளிதில் புரிவது. ஆனால் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 இரண்டையும் தவிர, எப்போதும் 1தான் என்பதை நிறுவுவது கடினம். அதைச் செய்தவர் இராமானுஜன்.

காரைக்காலில் கடல் சேரும் அரசலாறு ஓடிவரும் கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். மிகுபகு எண்கள் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது; அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் பட்டமும் அந்த ஆய்வுக்கே கிடைத்தது. அதில் 102 மிகுபகு எண்களின் பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 67,46,32,83,88,800. கணினி இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் வந்த பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டது: 2,93,31,86,25,600. இதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வரும் என்பது வியப்பு. அதன் காரணிகள் இரு மடங்கு, 10,080.

5040 வேறோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களிலும் காரணிகளின் கூட்டுத்தொகை குறிப்பிட்ட ஒரு வரம்புக்குள் அடங்கினால் இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் உண்மை, அடங்காவிட்டால் பொய் என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் கி ரோபன் 1984இல் காட்டினார். அந்தக் கூட்டுத்தொகையை இராமானுஜனும் ஆராய்ந்திருந்தார். கழகத்தின் பண நெருக்கடியால் 1915இல் அச்சேறாமல் நின்ற பகுதியில் அது இருந்தது. ழான் லூயி நிக்கொலாவும் ரோபனும் சேர்ந்து குறிப்புகளுடன் அதை 1997இல் வெளியிட்டார்கள்.