படமும் காசாகும்... கையெழுத்தில் ஜாக்கிரதை!

"என்னக்கா இது, முருங்கைக்காயை வெள்ளைத் துணியில படுக்க வச்சு போட்டோ புடிக்கிறீங்க? பொண்ணு பார்க்க யாராச்சும் வர்றாங்களா அதுக்கு?"

கேட்டவள் பக்கத்து வீட்டுப் பெண். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஆமாம்மா, அமெரிக்காவிலிருந்துகூட வரன் வரும்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் உண்மை உண்டு. மணவாள நகரில் எங்கள் சமையலறை ஜன்னலோரம் நான் எடுத்த முருங்கைக்காய்ப் படத்தை, முகம் தெரியாத யாரோ காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். விவரம் சொன்னதும் அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. "அப்படின்னா என் பையன் போட்டோவையும் வித்துக் குடுங்கக்கா! எப்படிச் சிரிக்கிறான் பாருங்க!" என்றாள்.

என் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வாடகைப் பாத்திரக் கடை மாதிரி!

பத்திரிகை, பாடப் புத்தகம், மருந்துக் கம்பெனி, ஓட்டல் என்று எல்லாருக்கும் படம் தேவை. ஒவ்வொரு தடவையும் போட்டோகிராபரை அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்து வைத்து, கேட்பவருக்குக் கொடுக்கும் ஏஜென்சிகள் உண்டாயின. 'ஸ்டாக்' என்று பெயர். ஒரு காலத்தில் பெரிய போட்டோகிராபர்கள் மட்டுமே அங்கே நுழைய முடியும். 2000-ல் கனடாவில் ஐஸ்டாக்போட்டோ, 2003-ல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக் என்று இன்டர்நெட் வழியே கடைகள் திறந்த பிறகு, நம்மைப் போன்றவர்களுக்கும் கதவு திறந்தது. அடோபி ஸ்டாக், அலாமி, ட்ரீம்ஸ்டைம் என்று இன்னும் பல இருக்கின்றன. இந்திய முகங்களும் இந்திய வீடுகளுமாகவே சேர்த்து வைத்து 2006-ல் டில்லியில் தொடங்கியது இமேஜஸ் பஜார்.

இதை வியாபாரம் என்பதைவிட வாடகை என்று சொல்லலாம். கல்யாணத்துக்கு அண்டா வாடகைக்கு விடுவதில்லையா? ஒரே அண்டா நூறு கல்யாணத்துக்குப் போகும். கடைக்காரருக்கே சொந்தமாகவும் இருக்கும். அதுபோல ஒரே படத்தை நூறு பேர் உபயோகிக்கலாம். ஒவ்வொரு தடவையும் நமக்கு ஒரு பங்கு வரும். படத்தின் உரிமை நம்மிடமே இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் பச்சை மேடும் நீல வானமுமாக ஒரு படம் வருமே, நினைவிருக்கிறதா? 1996 ஜனவரியில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் காரில் போய்க்கொண்டிருந்த சார்லஸ் ஓ'ரியர் என்பவர், வழியில் நிறுத்தி எடுத்தது அது. ஸ்டாக் ஏஜென்சியில் கொடுத்து வைத்தார். 2000-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனால் ரோட்டோரத்துப் புல்லும் படமாகும் என்பது நிஜம்.

எதை எடுக்கலாம்?

நமக்குச் சாதாரணமாகத் தெரிவதுதான் வெளியூர்க்காரர்களுக்கு அபூர்வம். முறத்தில் புடைக்கும் அரிசி, அம்மியில் அரைத்த துவையல், டிபன் கேரியர், வாசல் கோலம், மொட்டை மாடியில் காயும் வடாம், வாழை இலையில் பரிமாறிய சாப்பாடு எல்லாம் எடுக்கலாம். வெளியே கிளம்பினால் பூண்டி ஏரி இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போனால் பழவேற்காடு ஏரியில் பூநாரைக் கூட்டம். விடியற்காலையில் ஃபாக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைக்கூட, முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுக்கலாம்.

பெரிய காமிரா வேண்டாம். குறைந்தது 4 மெகாபிக்ஸல் இருந்தால் போதும் என்கிறார்கள். இப்போதைய போன் எல்லாம் அதற்கு மேலேதான். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

லென்ஸைப் பழைய பருத்திப் புடைவைத் துண்டால் துடைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் விரல் பட்ட லென்ஸில் எடுத்தால் படம் மங்கும்.

காலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து வரும் நேரம் உத்தமம். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், நீங்களே கிட்டே போய் எடுங்கள்.

மிக்ஸி, குக்கர், எண்ணெய்ப் பாக்கெட் இவற்றில் கம்பெனிப் பெயர் தெரிந்தால் படம் திரும்பி வந்துவிடும். சுவரில் தொங்கும் சாமி காலண்டரும் கூடாது. அது வேறொருவர் வரைந்த படம் அல்லவா?

ஒரே தட்டை இருபது கோணத்தில் எடுத்து அனுப்பாதீர்கள். "ஒரே மாதிரி இருக்கிறது" என்று தள்ளிவிடுவார்கள். நல்லதாக இரண்டு போதும்.

வீடியோ என்றால் 5 வினாடியிலிருந்து 60 வினாடி வரை. பால் பொங்குவது, கடுகு வெடிப்பது, மாவு புளித்து மேலே வருவது எல்லாம் எடுக்கலாம். போனைப் படுக்கை வாட்டமாக அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டால் கை நடுங்காது. பின்னால் டி.வி. பாட்டு ஓடினால் அதுவும் வேறொருவர் சொத்து. சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.

முருங்கைக்காய்க்கு எத்தனை பெயர்!

படம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவாரோ, அந்த வார்த்தை நம் படத்தோடு இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஐம்பது வார்த்தை வரை தரலாம். இங்கேதான் நான் ஏமாந்தேன். முருங்கைக்காய்க்கு ஸ்கூலில் படித்தபடி 'ட்ரம்ஸ்டிக்' என்று போட்டேன். ஆறு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. காலேஜில் படிக்கும் என் மகன்தான் தேடிக் காட்டினான். அந்த வார்த்தைக்கு வந்ததெல்லாம் வறுத்த கோழிக் காலும், மேளம் அடிக்கும் குச்சியும்! 'மொரிங்கா' என்று சேர்த்த பிறகுதான் விற்றது. அமெரிக்காவில் வெண்டைக்காய் 'ஓக்ரா', கத்தரிக்காய் 'எக்பிளாண்ட்', கொத்துமல்லித் தழை 'சிலான்ட்ரோ'. நம் ஊர் ஆங்கிலப் பெயரையும் விடாமல், இரண்டையும் போட்டு வையுங்கள்.

எவ்வளவு வரும்?

உள்ளதைச் சொல்கிறேன். இதை நம்பி அரிசி வாங்க முடியாது. அடோபியில் போட்டோவுக்கு விற்ற விலையில் 33 சதவீதம், வீடியோவுக்கு 35 சதவீதம் நம் பங்கு. ஷட்டர்ஸ்டாக்கில் 15-லிருந்து 40 சதவீதம் வரை. நிறைய விற்றால் படி ஏறும், ஆனால் ஜனவரி முதல் தேதி எல்லாரும் மறுபடி கீழ்ப்படிக்கு வந்துவிட வேண்டும். மொத்தமாகச் சந்தா கட்டி வாங்குகிறவர்களே அதிகம் என்பதால், ஒரு படத்துக்கு பத்து சென்ட், முப்பது சென்ட் என்றுதான் சொட்டும். அடோபியில் 25 டாலர் சேர்ந்தால்தான் கையில் தருவார்கள். எனக்கு அது சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பணத்தில் ஒரு குக்கர் வாங்கினேன். அதன் ருசியே தனிதான்!

பதினெட்டு வயது நிரம்பியவர் தம் பெயரில் சேரலாம். பான் கார்டும் பேங்க் கணக்கும் வேணும். அமெரிக்க வரிக்காக டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பினால், அங்கே விற்றதில் வரும் பங்குக்கு நம் நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள், நிரப்பாவிட்டால் 30. வந்த தொகையை இங்கே வருமான வரிக் கணக்கிலும் காட்ட வேண்டும்.

இன்னொன்று. நான் சொன்ன ஏஜென்சிகளில் சேரக் கட்டணம் கிடையாது. "ஐயாயிரம் கட்டுங்கள், மாதம் முப்பதாயிரம் வரும்" என்று போனில் யாராவது சொன்னால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

திரும்பி வராத அண்டா

இப்போது என் சிரிப்பு நின்ற காரணத்துக்கு வருகிறேன்.

இந்தப் பழக்கம் பிடித்த புதிதில் என் நாத்தனார் மகளை ஒரு படம் எடுத்தேன். ஐந்து வயசு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு முற்றத்தில் நின்று சிரித்தாள். அப்படியொரு களை! அடையாளம் தெரிகிற முகம் விளம்பரத்துக்குப் போக வேண்டுமானால், அந்த ஆள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட படிவம் வேணும். குழந்தையானால் பெற்றவர் போட வேண்டும். நாத்தனாரிடம் நீட்டினேன். "உங்களை நம்பாம யாரை நம்பப் போறேன் அண்ணி" என்று படிக்காமலே போட்டுக் கொடுத்தாள். நானும் முழுசாகப் படிக்கவில்லை.

படம் நாலு தடவை விற்றது. சந்தோஷப்பட்டேன். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் நாத்தனாரிடமிருந்து போன், அழுகையோடு. பேன் மருந்து விளம்பரம் ஒன்றில் இந்தக் குழந்தையின் முகம்! தலையில் துண்டு இருந்ததே, அதுவே அவர்களுக்குத் தோதாகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் யாரோ போனில் பார்த்துவிட்டு, "பேன் பொண்ணு" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்பது வயசுக் குழந்தை ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டது.

அன்றைக்கே படத்தை ஏஜென்சியிலிருந்து நீக்கினேன். அதற்குப் பிறகுதான் படிவத்தை வரி வரியாகப் படித்தேன். நீக்கினால் இனிமேல் யாரும் வாங்க முடியாது, அவ்வளவுதான். முன்பே வாங்கியவர்களுடைய அனுமதி அப்படியேதான் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போன அண்டா மறுநாள் கடைக்குத் திரும்பி வரும். விற்ற முகம் திரும்பி வராது. நான் சொல்வதாகச் சொன்ன வித்தியாசம் இதுதான்.

அந்தப் படத்தில் எனக்கு வந்தது மொத்தம் இரண்டு டாலருக்கும் குறைவு. நாத்தனார் என்னோடு பேச எட்டு மாதம் ஆயிற்று. குழந்தை இப்போதும் நான் போனை எடுத்தால் அறைக்குள் போய்விடுகிறாள்.

ஹங்கேரி நாட்டில் ஆண்ட்ராஷ் அராட்டோ என்று ஒரு எலெக்ட்ரிகல் எஞ்சினீயர். ஒரு ஸ்டாக் போட்டோகிராபருக்காக நின்று, சிரித்து, படம் எடுத்துக்கொண்டார். பிறகு பார்த்தால், சோகத்தை மறைத்துச் சிரிக்கும் கிழவர் என்று உலகமே அவரை வைத்துக் கேலிப் படம் போட்டது. அவர் மனம் தேறி, அதையே வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மேடையேறிப் பேசவும் செய்தார். பெரியவர், தாமே சம்மதித்தவர், அவரால் முடிந்தது. ஐந்து வயசுக் குழந்தையை யார் கேட்டார்கள்?

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரே படம் வரைகிற காலம் இது. அதற்குப் பாடம் சொல்லித் தர ஸ்டாக் படங்களையும் கொடுக்கிறார்கள். ஷட்டர்ஸ்டாக் 2022-ல் ஓபன் ஏ.ஐ. கம்பெனியோடு இதற்காகக் கூட்டு அறிவித்தது. படம் எடுத்தவர்களுக்கு ஒரு நிதியிலிருந்து பங்கு தருவதாகவும் சொன்னது. என் முருங்கைக்காயைப் பார்த்து இயந்திரம் படித்தால் படிக்கட்டும். என் வீட்டுக் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டாம்.

அதனால் எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு இது: குழந்தைகள் முகம் கிடையாது. என் முகமானால், "தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும்" என்று மனசு சொன்னால் மட்டும். மற்றப் பெரியவர்களானால், படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "பேன், மூலம், கடன் எதற்கு வேண்டுமானாலும் உங்கள் முகம் வரலாம், சம்மதமா?" என்று கேட்ட பிறகே கையெழுத்து. மருத்துவ விஷயத்தில் முகத்தைப் போடக் கூடாதென்று ஏஜென்சிகள் சில நிபந்தனை வைப்பது உண்டு. ஆனால் வாங்கியவர் மீறினால், நாம் எங்கே போய்ப் பிடிப்பது?

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப தூளியை எடுக்கலாமா அக்கா?" என்றாள்.

எடுத்தோம். அவள் அம்மாவின் பழைய சுங்குடிப் புடைவையில் கட்டிய தூளி. பக்கத்தில் மரக் கிலுகிலுப்பை. ஜன்னல் வெயில் புடைவைக்குள் புகுந்து சிவப்பாகத் தெரிந்தது. அவள் பெயரிலேயே கணக்குத் திறந்து அனுப்பினோம். நாலு நாளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்னும் ஒருவரும் வாங்கவில்லை. வாங்கட்டும், அவசரமில்லை.

பையன் சிரிக்கும் படத்தை பிரிண்ட் போட்டு அவள் மாமியார் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அதற்கு விலை கிடையாது!